பதினேழு ஒன்றுகள்

கல்யாணமாகி நான் காஞ்சிபுரத்துக்கு வந்த புதிதில், என் நாத்தனாரும் நானும் ஒரு சினிமாவுக்குப் போனோம். இடைவேளை நேரத்தில் பின்வரிசைப் பெண் ஒருத்தி தன் தோழியிடம், தம்பிதான் கொலைகாரன் என்று சொல்லிவிட்டாள். எங்கள் காதிலும் விழுந்தது. நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க அண்ணி, போலாம்."

"பாதிதானே முடிஞ்சிருக்குது?"

"அவங்க முடிச்சிட்டாங்களே."

வெளியே வந்து கரும்புச்சாறு குடித்துவிட்டு நடந்தோம். வழியெல்லாம் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். கோபமெல்லாம் இல்லை. எனக்குத்தான் டிக்கெட் போன வருத்தம். கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகும் அவன் எப்படி மாட்டுவான் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அதைச் சொன்னபோது என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

என் கணவருக்கு ஒரே தங்கை அவள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். மாமனாருக்குச் சொந்த ஊர் மாகறல். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக டவுனுக்கு வந்து பிள்ளையார்பாளையத்தின் ஓரத்தில் வீடு கட்டியவர். என் கணவருக்கு வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசர் வேலை. நான் டி.ஃபார்ம் முடித்தவள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில் இருந்தேன். நாத்தனார் எம்.எஸ்ஸி. கணிதம் படித்து, ஒரு தனியார் மகளிர் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

உயரமாக இருப்பாள். நடக்கும்போது தரையைப் பார்த்தே நடப்பாள். சாப்பிடும்போது ரசத்தைக் கடைசிவரை தொடமாட்டாள், கடைசியில் டம்ளரில் ஊற்றிக் குடிப்பாள். அவள் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகங்களில் விடைகள் இருக்கும் கடைசிப் பக்கங்களை ஊசி நூலால் தைத்து மூடிவைத்திருந்ததாக மாமியார் சொல்வார். "எல்லா பிள்ளைங்களும் அதத்தான் மொதல்ல பாக்கும். இது தெச்சி வெச்சிக்கினு உக்காந்திருக்கும்."

"சொல்லாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்பதுதான் அவள் வாயில் அதிகம் வந்த பேச்சு.

இதனால் நாங்கள் பட்ட பாடும் உண்டு. வாலாஜாபாத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். என் கணவர் மில்லிலிருந்தே போயிருந்தார், மாமியாரும் அவளும் நானும் பின்னால் போனோம். மண்டபம் எங்கே என்று தெருவில் யாரைக் கேட்டாலும் கையைக் காட்டியிருப்பார்கள். அவள் கேட்க விடவில்லை. பத்திரிகையில் ரயில்வே கேட் அருகில் என்று போட்டிருக்கிறது, அது போதும் என்றாள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தெரு, அந்தப் பக்கம் ஒரு தெரு என்று வெயிலில் சுற்றினோம். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது பொண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மாமியாருக்குப் பட்டுப்புடவை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உன்கூட வந்தா எவ கழுத்துலயும் தாலி ஏறறத பாக்க முடியாது" என்றார்.

"மண்டபம் கெடச்சிடுச்சி இல்லமா" என்றாள் அவள். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள்.

நான் உண்டானபோது அவளிடம்தான் முதலில் சொல்ல நினைத்தேன். "ஒரு விஷயம்" என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினாள். அதற்குப் பிறகு என்னையே பார்த்துக்கொண்டு திரிந்தாள். ஒரு காலையில் காப்பி டிகாஷன் வாசனைக்கு நான் முகத்தைத் திருப்பியதைக் கண்டதும், அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. பிறகு தெருமுனைக்குப் போய் ஒரு பை நிறைய நெல்லிக்காய் வாங்கிவந்தாள். அன்று மாலை என் கணவரிடம் நான் சொன்னபோது, "அப்படியா, நல்லதாப் போச்சி" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தி அவளிடம் போய்ச் சேர்ந்த மாதிரி வேறு யாரிடமும் போய்ச் சேரவில்லை.

இதே குணம் எனக்குப் பயத்தையும் கொடுத்தது. மாமனாருக்குச் சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். டாக்டர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி அனுப்பியிருந்தார். அவர் வீட்டுக்குள் நுழையும்போதே இவள், "அண்ணா, எங்கிட்ட எதுவும் சொல்லாத" என்றாள்.

மாமியாரால் அதைப் பொறுக்க முடியவில்லை. "பெத்த அப்பன் விஷயம்டி. அதக் கூடவா நீயே போட்டுப் பாக்கணும்?"

அவள் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் காலில் விரலால் அழுத்தி, பள்ளம் மேலே வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தாள். கஞ்சி எவ்வளவு உள்ளே போகிறது, பேச்சு எங்கே குழறுகிறது, மூச்சு எப்போது நீளுகிறது, எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு காலையில் சமையலறைக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, "பெரியப்பாவுக்குச் சொல்லிடலாம் அண்ணி. மாகறல்லேருந்து எல்லாரும் வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றாள். டாக்டர் சொல்லியிருந்ததும் அதேதான். மறுநாள் மாமனார் போய்விட்டார். எங்களுக்கெல்லாம் சாவு ஒருவர் வாய்ச்சொல்லாக வந்தது. அவள் அதை ஸ்டூலில் உட்கார்ந்து தானாகவே போய்ப் பார்த்தாள். எது மேல் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவளைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் கணக்கை விட முடியாது. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

ஒன்று என்ற இலக்கத்தை மட்டும் வரிசையாக எழுதினால் வரும் எண்கள் இருக்கின்றன. இரண்டு ஒன்று எழுதினால் பதினொன்று. அது பகா எண், எதனாலும் வகுபடாது. மூன்று ஒன்று எழுதினால் நூற்றுப் பதினொன்று. அது மூன்றையும் முப்பத்தேழையும் பெருக்கினால் வரும். ஐந்து ஒன்றை அவள் பள்ளியில் படிக்கும்போதே உடைத்துவிட்டாள், நாற்பத்தொன்று, இருநூற்று எழுபத்தொன்று என்று. உடைப்பது என்றுதான் சொல்வாள். ஏழு ஒன்றுக்குக் கொஞ்ச நாள் ஆனது. பதினோரு ஒன்றுக்குக் கல்லூரியில் முதல் வருஷம் முழுவதும் போனது. பதின்மூன்று ஒன்று அதைவிடப் பெரியதாயிற்றே, பல வருஷம் ஆகும் என்று உட்கார்ந்தால், அது ஐம்பத்து மூன்றிலேயே உடைந்துவிட்டது.

"பெருசா இருந்தா கஷ்டம்னு கெடையாது அண்ணி. எது எங்க விட்டுக் கொடுக்கும்னு வெளிய தெரியாது" என்பாள்.

பதினான்கு, பதினைந்து, பதினாறு ஒன்றுகள் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஏழு ஒன்றை அருகருகே இரண்டு தடவை வைத்தால் பதினான்கு ஒன்று, ஐந்து ஒன்றை மூன்று தடவை வைத்தால் பதினைந்து. அவை தாமாகவே உடைந்துகொள்ளும். அடுத்தது பதினேழு.

11111111111111111. நூற்றுப் பதினோரு கோடி கோடியைத் தாண்டுகிற எண். இது உடையும் என்று எம்.எஸ்ஸி. படிக்கும்போது ஒரு பேராசிரியை சொல்லியிருக்கிறார். எதனால் உடையும் என்று சொல்ல வாயெடுத்தவரை இவள் நிறுத்திவிட்டாளாம். "கையால போட்டா கெழவி ஆயிடுவ" என்று அவர் சிரித்தாராம்.

வழியைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம். முப்பத்து நாலால் வகுத்தால் மீதி ஒன்று வருகிற பகா எண்கள் மட்டும்தான் அதை உடைக்க முடியும். நூற்று மூன்று, நூற்று முப்பத்தேழு, இருநூற்று முப்பத்தொன்பது என்று அவை போகும். ஏன் அவை மட்டும் என்று ஒருநாள் தோசை வார்த்தபடியே விளக்கினாள். அப்போது புரிந்தது. இப்போது சொல்லத் தெரியாது.

வகுக்கப்போகும் எண்ணுக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை பெருக்கல் வாய்ப்பாட்டை முதலில் ஓரத்தில் எழுதிக்கொள்வாள். பிறகு கழித்துக்கொண்டே வர வேண்டியதுதான். மேலேயிருந்து இறக்குவது எப்போதும் ஒன்றுதான். கடைசியில் ஏதோ ஒரு மீதி நிற்கும். அதன் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த எண். கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முன் ஒன்று, வந்து காப்பி குடித்தபின் மூன்று நாலு. எல்லாம் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில். எங்கள் மெடிக்கல் காலண்டர் போதாமல், பக்கத்து வீட்டுத் தறிக்காரர்களும் கிழித்த தாள்களைச் சேர்த்துவைத்துக் கொடுப்பார்கள். "உங்க பாப்பாவுக்குக் கணக்குத் தாளு" என்று அந்த வீட்டு அம்மா சுவருக்கு மேலே நீட்டுவார்.

போனில் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுமே என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். "சொல்லிடும். அதான் கேக்கல" என்பாள்.

இப்படி ஆறேழு வருஷம் போயிருந்தது. வயது முப்பதைத் தாண்டியது. வீட்டில் இந்தக் கணக்கை யாரிடமும் சொல்வதில்லை என்று ஒரு கட்டுப்பாடு. "பொண்ணு பாடும், கோலம் போடும்னு சொல்லலாம். ஒண்ணு ஒண்ணா எழுதி வகுத்துக்கினு இருக்கும்னு எந்த வாயால சொல்றது?" என்பது மாமியாரின் கேள்வி. தரகர் வந்து பையனுடைய குணத்தை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தால் இவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். நாலைந்து இடம் வந்து கூடாமல் போனது. ஜாதகம், நிறம், வயது என்று ஆளுக்கொரு காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தவருக்கு உத்திரமேரூர்ப் பக்கம் பூர்வீகம், சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. அவரும் அவர் அம்மாவும் தாய்மாமனும் வந்திருந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. நாத்தனார் உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் முந்தானையைச் சரிசெய்து கொண்டு நானும் அங்கேதான் நின்றேன்.

டிவிக்குக் கீழே அடுக்கியிருந்த தாள்களை நான் எடுத்து வைக்க மறந்திருந்தேன். மாப்பிள்ளை மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டிருக்கிறார். மாமியார் பேச்சை மாற்றப் பார்த்தும், என் கணவர் உண்மையைச் சொல்லிவிட்டார். பதினேழு ஒன்று, கையால் வகுத்துக்கொண்டிருக்கிறாள், பத்தொன்பது லட்சம் வரை வந்துவிட்டாள் என்று. சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நாங்கள் காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது மாப்பிள்ளை கையில் போன் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. அவளைப் பார்த்ததும், "கெடைச்சிடுச்சிங்க" என்றார். "இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூத்தி இருபத்தி மூணு. நீங்க ரொம்பப் பக்கத்துல வந்துட்டீங்க."

தாய்மாமன் கைதட்டாத குறையாக, "பாத்தீங்களா எங்க பையன? ஒரே நிமிஷம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தார், விஷயம் இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று.

நான் அவளைப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் காப்பி கொடுத்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள்.

"திருப்பிச் சொல்லுங்க."

அவர் சொன்னார்.

"இன்னொரு எண்?"

அதையும் சொன்னார். ஐந்நூற்று முப்பத்தாறு கோடிக்கு மேல் என்னவோ ஒரு பத்திலக்க எண்.

"பெருக்கிப் பாத்தீங்களா?"

"இல்லீங்க. இது தப்பாச் சொல்லாது."

"பாத்துடலாம்" என்று ஒரு தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தாள்.

பெண் பார்க்க வந்த இடத்தில், பட்டுப்புடவையும் பூவுமாக ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து பெருக்குகிறாள். ஏழு வரி. ஒவ்வொரு வரியும் ஒரு இலக்கம் தள்ளித் தள்ளிப் போகிறது. முதலில் சிரிப்பு நின்றது. பிறகு பேச்சு நின்றது. பக்கத்து வீட்டில் அன்று தறி ஓடாததால் பென்சில் சத்தம்கூடக் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தாய்மாமன் போன் வந்த மாதிரி வாசலுக்குப் போனார். மாமியார் என்னைப் பார்த்த பார்வையில், ஏதாவது செய் என்று இருந்தது. என்ன செய்வது? நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, மேலே போய்ப் பார்த்து, ஒரு இலக்கத்தை அழித்து எழுதினாள். பிறகு கூட்டினாள். வலது ஓரத்திலிருந்து ஒன்று, ஒன்று, ஒன்று என்று கீழே விழுந்துகொண்டே வந்தது. பதினேழாவது ஒன்றையும் எழுதிவிட்டுப் பென்சிலைத் தாளின் மேல் வைத்தாள்.

"சரியாத்தான் இருக்குது" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் போன பிறகு பின்பக்கக் குழாயடியில் நெடுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆறு மாசம் அண்ணி" என்றாள். "இன்னும் ஆறு மாசத்துல அந்த எண்ணுக்கு நானே போயிருப்பேன்."

அழவில்லை. குழாயை மூடிவிட்டு வந்து பாத்திரம் தேய்த்தாள்.

மறுநாளே தரகர் போன் செய்தார். மாப்பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது, அம்மாவுக்குத்தான் கொஞ்சம் யோசனை, பையன் பிடிவாதமாக இருப்பதால் சம்மதித்துவிட்டார் என்று. மாமியார் சாமி படத்துக்கு முன் நின்று கும்பிட்டார். இவள், "கொஞ்ச நாள் போகட்டும்மா" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பின் வந்த நாட்கள்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தன. அவள் தாளைத் தொடவில்லை. கல்லூரிக்குப் போனாள், வந்தாள், மாலையில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்தாள். ஒருநாள் மெடிக்கலில் இருந்து நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் மாமியாரிடம், "நேத்து நான் பாக்கல. அப்புறம் என்ன ஆச்சிமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் உற்சாகமாகக் கதை சொல்ல ஆரம்பித்தார். இவள் தலையாட்டிக்கொண்டு கேட்டாள். பக்கத்து வீட்டு அம்மா சுவர்மேல் வைத்த தாள்கள் காற்றில் பறந்து சாக்கடையில் கிடந்தன.

பிறகு ஒரு காலையில், நான் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது, பல் துலக்கியபடியே வந்து நின்றாள்.

"அண்ணி, அந்த எண்ணு அத ஒடைக்குதுன்னுதான் அவரு சொன்னாரு. அதுக்கு முன்னாடி வேற எதுவும் ஒடைக்கலன்னு சொல்லலையே."

"புரியலம்மா."

"பெருக்கிப் பாத்தா அது ஒடையுதுன்னு மட்டுந்தான் தெரியும். பத்தொன்பது லட்சத்துக்கும் அதுக்கும் நடுவுல இன்னொண்ணு இருக்கலாம் இல்ல? அத யாரும் எங்கிட்ட சொல்லல."

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

தரகருக்குச் சொல்லி அனுப்பிய பதில், இந்தக் கணக்கு முடியட்டும் என்பது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "விடைய கையில குடுத்தாச்சி. அதுக்கப்புறமும் இன்னாத்துக்குடி? அந்தப் பையன் உனுக்காக உக்காந்துக்கினு இருப்பானா?"

"இருக்கணும்னு நான் சொல்லலமா. நான் முடிக்கணும்னுதான் சொல்றேன்."

ஒரு சனிக்கிழமை மெடிக்கலில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒருவர் தலைவலி மாத்திரை கேட்டார். நிமிர்ந்தால் அந்த மாப்பிள்ளை. மாத்திரையை வாங்கிக்கொண்டும் நகராமல் நின்றார்.

"அவங்க கோவமா இருக்காங்களாக்கா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. வேலையா இருக்கா."

"என்ன வேலை?"

சொன்னேன். அவர் சொன்ன எண்ணுக்கு முன்னால் வேறு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று. சிரிப்பார் என்று நினைத்தேன். அல்லது போனில் அதையும் பார்த்துவிட்டேன் என்று சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லது பண்றதா நெனச்சேங்க. காப்பி எடுத்துக்கினு வந்தாங்க பாருங்க, அந்த மொகத்தப் பாத்ததும்தான் தெரிஞ்சுது." பிறகு கேட்டார், "இப்ப எது வரைக்கும் வந்திருக்காங்க?"

"பத்தொன்பதே கால் லட்சம் இருக்கும்."

மனசுக்குள் ஏதோ போட்டுப் பார்த்தார். "சரிக்கா. நான் வந்தேன்னு சொல்ல வேணாம்."

"சொன்னாலும் கேக்கமாட்டா" என்றேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கடைக்குப் போன் வரும். நலம் விசாரிப்பு எதுவும் கிடையாது. எது வரைக்கும் என்று கேட்பார். நான் முந்தைய நாள் அவளிடம் பேச்சுவாக்கில் விசாரித்து வைத்ததைச் சொல்வேன். அவர் அம்மா செங்கல்பட்டில் வேறு ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததாக ஒருமுறை சொன்னார். "நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன். "இருபது லட்சம் தாண்டிட்டாங்கம்மா, இன்னும் கொஞ்சம்தான்னு சொன்னேன். எங்கம்மா எங்கிட்ட பேசறதில்ல இப்ப" என்றார்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தவிப்பு. வாய்வரை வரும். அவளிடம் எதையும் சொல்ல முடியாதே.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. மத்தியானச் சாப்பாடு முடிந்து என் பெண்ணைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணி, கொஞ்சம் வந்து பக்கத்துல உக்காருங்க" என்று கூப்பிட்டாள். தூளியை ஒரு வீச்சு வீசிவிட்டுப் போனேன்.

தாளின் தலையில் பதினேழு ஒன்று. ஓரத்தில் இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்றின் வாய்ப்பாடு, ஒன்பது வரி. வழக்கம்போலக் கழித்துக்கொண்டு வந்தாள். அவசரமில்லை. அறியாத எண்ணை வகுப்பது போலவே வகுத்தாள். கடைசி ஒன்றைக் கீழே இறக்கியதும், நின்ற எண் 14502061. அவள் கை நின்றது. ஓரத்தைப் பார்த்தேன். வாய்ப்பாட்டின் ஏழாவது வரியில் அதே 14502061 இருந்தது.

கழித்து, ஒரு பூஜ்யம் எழுதினாள். இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் அவள் எழுதிய முதல் பூஜ்யம்.

"முன்னாடி எதுவும் இல்ல அண்ணி. இதான் மொதல்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே மூச்சில், "அவரு நம்பர் உங்ககிட்ட இருக்குதுல்ல?" என்றாள்.

நான் தூளியைத் திரும்பிப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழம ஆனா எது வரைக்கும் வந்திருக்கன்னு கேக்கறீங்க. முன்னெல்லாம் நீங்க கேட்டதே கெடையாது."

"அவரப் பிடிச்சிருக்குதா ஒனக்கு?" என்று கேட்டேன். "அவரு சொன்னதாலதானே எல்லாம் கெட்டுது?"

"சொன்னது தப்புதான்" என்றாள். "ஆனா நான் பெருக்கறப்ப எல்லாரும் கடிகாரத்தப் பாத்துக்கினு இருந்தீங்க. அவரு என் பென்சிலயே பாத்துக்கினு இருந்தாரு. நாலாவது வரியில ஏழுக்கு பதிலா ஒண்ணு போட்டுட்டேன். அவரு பாத்துட்டாரு. எனக்குத் தெரியும், அந்த எடத்துலயே அவரு கண்ணு நின்னுது. ஆனா வாயத் தொறக்கல. நானே போய்ப் பாத்து அழிக்கற வரைக்கும் கையக் கட்டிக்கினு உக்காந்திருந்தாரு."

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. மாமியார் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, யாரோடு பேசுகிறாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "கேசரிக்கு ரவை இருக்குதா பாரு" என்றார்.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா வந்தார், ஆனால் யாரோடும் சரியாகப் பேசவில்லை. முகூர்த்தம் முடிந்து, பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அவருக்கு. பாயசம் வரும்வரை பேசாமல் சாப்பிட்டவர், மேடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"நீ அவகூட ஒண்ணா இருந்தவ. சொல்லுமா. இந்தப் பொண்ணு எப்படி?"

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ஸ்டூலையும் நெல்லிக்காயையும் சொல்லியிருக்கலாம்.

"நான் சொல்லலம்மா" என்றேன். "நீங்களே பாத்துக்குங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு இலையை மூடிவிட்டு, கைகழுவ எழுந்தவர், மேடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்.